பந்தாடுகிறவனும் தொழிலாளியே

விளையாட்டைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். பந்தாட்டம் என்பது ஓய்வு நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிற ஒரு வேடிக்கை, அதிலே நியாயம் அநியாயம் என்று பேச என்ன இருக்கிறது என்றும் நினைக்கக்கூடும். இந்த நினைப்பு தப்பு என்று காட்டவே இதை எழுதுகின்றோம். ஆட்டம் என்பது டிக்கட் வாங்கிப் பார்க்கிறவனுக்குத்தான் வேடிக்கையே தவிர, அதை ஆடி வயிறு வளர்க்கிறவனுக்கு அது வேலையேயாகும். வேலை என்று ஆகிவிட்டால் அங்கே கூலி உண்டு. கூலி கொடுக்கிற முதலாளி உண்டு. முதலாளி உண்டானால் அவனுடைய சௌகரியத்திற்குத் தக்கபடி எழுதிய சட்டமும், அந்தச் சட்டத்திற்குத் தர்மம் என்று பேர் வைத்துப் பேசுகிற பெரிய மனிதர்களும் உண்டு.

இதற்கு உதாரணமாக, காற்பந்து ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு மனிதரை எடுத்துக்கொள்ளுவோம். அவர் பெயர் பில்லி மெரிடித் என்பதாகும். வேல்ஸ் நாட்டில் சர்க் என்னும் ஊரையடுத்த நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 1874-ம் வருஷம் பிறந்தவர். 12-வது வயதில் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்கினார். பிற்காலத்தில் அந்தத் தேசம் முழுவதும் பேர் தெரிந்த ஆட்டக்காரரானார். மைதானத்தின் வலது ஓரக்கோட்டை ஒட்டியே பந்தைக் கொண்டுபோய், எதிரியை ஏமாற்றி, மூலையிலிருந்து கோலுக்கு முன்னால் நிற்கும் தம் ஆட்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. இப்படி ஆடுகிறவரை ‘விங்கர்’ என்பார்கள். ஆட்டத்தின்போது வாயில் ஒரு பல்குச்சியைக் கடித்துக்கொண்டே ஆடுவாராம். பத்திரிகைக்காரர்கள் அந்தக் குச்சியோடே அவரைப் படம் போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததும், இது கடவுள் கொடுத்த வரம், பிறவியிலேயே வந்த பாக்கியம் என்று பேசுவது ஜனங்களுடைய வழக்கமாயிருக்கின்றது. காலுக்கு வரம் கொடுத்த கடவுள் வயிற்றுக்கு வழி செய்ய மறந்துவிட்டு, 12 வயதுப் பிள்ளையை நிலக்கரிக் குழிக்குள் இறங்கவிட்டது ஏன் என்று மாத்திரம் அவர்கள் யோசிப்பதில்லை. உண்மை என்னவென்றால், அந்தச் சின்ன ஊரில் தாமஸ் என்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். அவர் பிள்ளைகளுக்குப் பந்தாட்டத்தைப் பாடம் போலவே சொல்லிக் கொடுத்தார். அந்த ஊரிலிருந்தே பல பேர் வேல்ஸ் நாட்டுக் கட்சியில் ஆடப் போனார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகளாகப் பார்த்துக் கடவுள் வரம் கொடுத்தார் என்பதைவிட, சொல்லிக் கொடுக்க ஆள் இருந்த இடத்தில் கற்றுக்கொண்டார்கள் என்பது புத்திக்குப் பொருத்தமாயிருக்கின்றதல்லவா?

நிற்க, 1894-ம் வருஷம் மெரிடித் மாஞ்செஸ்டர் சிட்டி என்னும் கிளப்பில் சேர்ந்தார். ஆரம்பத்தில் சுரங்க வேலையையும் விட்டுவிடாமல், அங்கே உழைத்துவிட்டு வந்தே பந்தும் ஆடினார். 1904-ம் வருஷத்தில் இங்கிலீஷ் கப்பு இறுதி ஆட்டத்தில் போல்டன் கட்சிக்கு எதிராக விழுந்த ஒரே கோல் இவர் போட்டதுதான். அந்தக் கட்சிக்குத் தலைவரும் இவரே. அவ்வளவு கூட்டமும் காசு கொடுத்து உள்ளே வந்தது யாரைப் பார்க்க? கிளப்பின் டைரக்டர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவா?

ஆனால் அந்த நாட்டிலே இருந்த சட்டத்தைக் கேளுங்கள். 1901-ம் வருஷம் முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 4 பவுனுக்கு மேல் கூலி கொடுக்கக்கூடாது என்று புட்பால் அசோசியேஷன் விதி செய்து வைத்திருந்தது. கூட்டம் ஆயிரமானாலும் ஐம்பதாயிரமானாலும் அவனுக்கு 4 பவுன்தான். இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், ஒரு கிளப்பில் ஒருவன் கையெழுத்துப் போட்டுவிட்டால், வருஷ முடிவில் ஒப்பந்தம் தீர்ந்துபோன பிறகும் அந்தக் கிளப்பின் சம்மதமில்லாமல் வேறெங்கும் ஆடப் போகக்கூடாது. கிளப்புக்காரன் அவன் பேரைத் தன் ஜாபிதாவில் வைத்துக்கொண்டு, கூலியும் கொடுக்காமல், வேறிடம் போகவும் விடாமல் அவனைச் சும்மா உட்கார வைக்கலாம். விற்க வேண்டுமானால் விற்கலாம். 1905-ம் வருஷத்தில் ஆல்ப் காமன் என்னும் ஆட்டக்காரரைச் சண்டர்லாண்டு கிளப்பு, மிடில்ஸ்பரோ கிளப்புக்கு 1,000 பவுனுக்குக் கொடுத்தது. அந்த 1,000 பவுன் என்பது வாரம் 4 பவுன் கூலியில் 250 வாரத்துக் கூலியாகும். ஆளுக்கு விலை 1,000. அந்த ஆளின் உழைப்புக்கு விலை 4! சந்தையில் மாட்டை விற்கிறவன்கூட மாட்டுக்கு வைக்கோல் இவ்வளவுக்கு மேல் போடக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு செய்வதில்லை.

இதற்கு முதலாளிமார் சொன்ன சமாதானங்கள் மூன்று. பணம் அதிகமானால் ஆட்டத்தின் பரிசுத்தம் கெட்டுவிடும் என்பது முதலாவது. உழைக்கிறவன் கைக்குப் போனால் கெடுக்கிற பணம், வாசலில் டிக்கட் விற்கிறவன் பெட்டிக்குப் போகும்போது மாத்திரம் எப்படிப் பரிசுத்தமாயிருக்கிறது? ஆடுவது சந்தோஷமான காரியந்தானே, அதற்குக் கூலி எதற்கு என்பது இரண்டாவது. சந்தோஷமாகப் பாடுகிற சங்கீத வித்துவானும், சந்தோஷமாகப் பிரசங்கம் செய்கிற பாதிரியாரும் இனாமாகவா செய்கிறார்கள்? மூன்றாவது சமாதானம் கொஞ்சம் யோசிக்கத்தக்கது. கூலிக்கு வரம்பில்லாவிட்டால் பணக்காரக் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாங்கிவிடும், ஏழைக் கிளப்புகள் அழிந்துபோகும் என்பதே அது. டைரக்டர்கள் சம்பளம் வாங்கக்கூடாது, பங்குக்காரருக்கு நூற்றுக்கு 5-க்கு மேல் லாபம் கொடுக்கக்கூடாது என்ற விதிகளும் அக்காலத்தில் இருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஏழைக் கிளப்பைக் காப்பாற்ற வேண்டுமென்ற எண்ணம் உண்மையானால், பணக்காரக் கிளப்பின் வசூலில் பங்கு எடுத்து ஏழைக் கிளப்புக்குக் கொடுக்கட்டுமே! இரண்டு முதலாளிகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத் தொழிலாளியின் சோற்றிலே கை வைப்பானேன்?

விதி இப்படியிருக்க நடந்ததோ வேறு. வெளியில் 4 பவுன் என்று கணக்கு எழுதிவிட்டு, உள்ளே அதிகம் கொடுத்தே நல்ல ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் வைத்துக்கொண்டன. மெரிடித்துக்கு வாரம் 6 பவுன் போயிற்று. இந்த நிலையில் 1905-ம் வருஷத்தில் ஒரு பெரிய கலகம் கிளம்பியது. ஆஸ்டன் வில்லா கட்சியாரில் ஒருவருக்கு 10 பவுன் தருவதாகச் சொல்லி, ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்டார் என்று மெரிடித்தின் மேல் குற்றம் சாட்டப்பட்டு, அது ருஜுவானதாக அசோசியேஷன் தீர்மானித்து, 1906 ஏப்ரல் முடிய ஆடக்கூடாது என்று தண்டித்தது. மானேஜர் சொல்லித்தான் செய்தேன் என்று பின்னால் மெரிடித் சொன்னார். யார் சொல்லிச் செய்தாலும் லஞ்சம் லஞ்சந்தான். சாமிகளுக்குப் பதிலாக ஆட்டக்காரர்களை உட்கார வைத்துக் கும்பிடுவது நம் வேலையல்லவாதலால் இதை மூடிவைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனால் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். தண்டனைக் காலத்தில் கிளப்பு இவரைக் கைவிட்டது. கைவிடவே, கிளப்பின் இரகசியக் கணக்கையெல்லாம் இவர் வெளியே சொல்லிவிட்டார். 1906-ல் விசாரணை நடந்து, மானேஜரும் கிளப்பின் தலைவரும் விலக்கப்பட்டார்கள். 17 ஆட்டக்காரர்களுக்கு அபராதம் போட்டு, 1907 ஜனவரி வரை ஆடக்கூடாதென்றும், இனி அந்தக் கிளப்புக்கே ஆடக்கூடாதென்றும் உத்தரவாயிற்று. மாஞ்செஸ்டரில் ஒரு ஓட்டலில் மற்றக் கிளப்புக்காரர்கள் கூடி அந்த ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மெரிடித் அதற்கு முன்னமேயே மாஞ்செஸ்டர் யுனைட்டெட் கிளப்புக்குப் போய்விட்டார். வேலைக்குத் தக்க கூலி வாங்கியது குற்றம் என்று 17 பேரைத் தண்டித்த சட்டம், 4 பவுன் என்ற விதி நியாயமா என்று மாத்திரம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

1907 ஏப்ரலில் அதே யுனைட்டெட் கிளப்பில் தாமஸ் பிளாக்ஸ்டாக் என்ற ஒரு வாலிபர், கீழ்க்கட்சி ஆட்டமொன்றில் தலையால் பந்தை இடித்துவிட்டு விழுந்தார். சற்று நேரத்திற்கெல்லாம் செத்துப்போனார். இயற்கையான சாவு என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. வேலை செய்கிற இடத்தில் செத்துப்போன தொழிலாளியின் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை என்றால், அந்தத் தொழிலின் யோக்கியதை என்ன?

இதைக் கண்ட பிறகுதான், 1907 டிசம்பர் 2-ந் தேதி மாஞ்செஸ்டர் இம்பீரியல் ஓட்டலில் மெரிடித் தலைமையில் ஆட்டக்காரர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். இதற்கு முன் 1898-ல் ஏற்பட்ட ஒரு சங்கம் சில வருஷத்திலேயே மறைந்துபோயிருந்தது. இந்த இரண்டாவது சங்கம் கூலி வரம்பை எடுக்க வேண்டும், ஆளை விற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஆட்டக்காரனுக்கும் உண்டு என்று கேட்டது. கேட்டவுடனே, அதுவரை தகப்பனைப்போல் பேசிக்கொண்டிருந்த அசோசியேஷன் எஜமானனைப்போல் பேச ஆரம்பித்தது. பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு இச்சங்கம் சேர்ந்ததை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1909 ஜூலை 1-ந் தேதிக்குள் சங்கத்தை விட்டு விலகாதவர்களுக்கு ஆட்டத்தில் இடமில்லை என்று உத்தரவு போட்டது.

இங்கேதான் நாம் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பயந்து விலகிவிட்டார்கள். உலகத்தில் எந்த முதலாளியும் தன் பலத்தினால் மாத்திரம் ஜெயிப்பதில்லை. தொழிலாளியின் பயமே அவனுக்குப் பாதி பலமாய் இருக்கின்றது. ஆனால் அந்த வருஷம் இங்கிலீஷ் கப்பை ஜெயித்திருந்த மாஞ்செஸ்டர் யுனைட்டெட் ஆட்டக்காரர்கள், மெரிடித் உள்பட, விலக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கூலி நிறுத்தப்பட்டது. கிளப்பு மைதானம் இல்லாமல் வேறிடத்தில் போய்ப் பழகினார்கள். அப்போது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் தங்கள் கட்சிக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பேர் ‘ஒதுக்கப்பட்டோர் கிளப்’ என்பதாகும். அந்தப் பேரைத் தங்கள் நெற்றியிலேயே எழுதிக்கொண்டதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒதுக்கப்படுவது இன்னதென்று தெரிந்த நம் தோழர்களுக்கு அந்தப் படத்தின் அர்த்தத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

எவர்ட்டன் கிளப்பிலிருந்து டிம் கோல்மன் என்பவரும் துணிந்து வந்து சேர்ந்தார். மற்றவர்களும் திரும்ப ஆரம்பித்தார்கள். ஆட்டகாலம் துவங்க ஒருநாள் இருக்கையில், ஆகஸ்டு 31-ந் தேதி, அசோசியேஷன் இறங்கி வந்து சங்கத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் இது முழு வெற்றியல்ல. பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பை விட்டுச் சங்கம் பின்னர் விலக நேர்ந்தது. கூலி வரம்பும் ஆள் விற்பனையும் அப்படியே நின்றன. 1912-ல் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகச் சங்கம் கோர்ட்டுக்குப் போய்த் தோற்று, கடனிலே மூழ்கிப் போகும் நிலைக்கு வந்தது.

மெரிடித்தோ ஆடிக்கொண்டே இருந்தார். 1920-ல், 45-வது வயதில், இங்கிலாந்தை வேல்ஸ் ஜெயித்த ஆட்டத்தில் ஆடினார். 1924-ல் கடைசியாக ஆடினபோது அவருக்கு வயது 49. பிறகு ஒரு மதுக்கடை நடத்திப் பிழைத்தார். 1958 ஏப்ரலில் இறந்தார். அன்றைக்கும் ஆட்டக்காரர் கூலிக்கு வரம்பு இருந்தது. மாஞ்செஸ்டரில் அவரைப் புதைத்த இடத்தில் 2001-ம் வருஷம் வரை பேர் எழுதிய ஒரு கல்கூட இல்லை. சங்கத்தாரும், இரண்டு மாஞ்செஸ்டர் கிளப்புகளும், வேல்ஸ் அசோசியேஷனும் சேர்ந்து பிறகு வைத்தார்கள். சமாதியில் கல் வைப்பதனால் செத்தவருக்கு ஒரு லாபமும் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களிடம் டிக்கட் விற்றுக் கொடுத்த மனிதரை 43 வருஷம் மறந்திருந்தவர்களுடைய நன்றியின் அளவு அந்தக் கல்லில் தெரிகிறது.

அவருக்குப் பின் வந்த மற்றொரு விங்கர் ஸ்டான்லி மாத்யூஸ். ஸ்டோக் நகரத்தில் ஒரு நாவிதருக்கு மகனாக 1915-ல் பிறந்தவர். அந்த நாட்டில் அது ஒரு தொழில். பிறவியோடு ஒட்டின இழிவல்ல. ஆகவே 1965-ல் மகனுக்குச் ‘சர்’ பட்டம் வந்தபோது, தகப்பன் செய்த தொழிலை எடுத்துப் பேசிப் பட்டத்தைத் தடுக்க அங்கே ஒரு சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. ஆனால் பணத்தின் சாஸ்திரம் வந்தது. 1947-ல் ஸ்டோக் கிளப்பு அவரை 11,500 பவுனுக்குப் பிளாக்பூல் கிளப்புக்கு விற்றது. அப்போது அதிகபட்சக் கூலி வாரம் 12 பவுன். அதாவது அவருடைய 18 வருஷத்துக் கூலிக்கு மேற்பட்ட தொகை அவரை விற்றவன் பையில் விழுந்தது. 1961-ல் அவர் 46 வயதில் மறுபடி ஸ்டோக்குக்கு வந்தபோது, 8,000 சொச்சமாயிருந்த கூட்டம் ஒரே ஆட்டத்தில் 35,000-க்கு மேல் ஆயிற்று. கூட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த 1961-ம் வருஷத்திலேதான் ஜிம்மி ஹில் தலைமையில் சங்கத்தார் வேலைநிறுத்தத்துக்குத் துணிந்து நின்றார்கள். அதற்கு முன் நடந்த ஒரு கூட்டத்தில், சுரங்கத்தில் உழைக்கிற என் தகப்பனாரைவிட நமக்கு அதிகந்தானே கிடைக்கிறது என்று ஒரு வாலிபர் கேட்டாராம். அதற்குப் போல்டன் கிளப்பின் டாமி பேங்க்ஸ் எழுந்து, சுரங்க வேலை கஷ்டமென்பது எனக்கும் தெரியும், ஆனால் மாத்யூஸைத் தடுக்க முயலுகிற உன் தகப்பனாரைப் பார்க்க 30,000 பேர் காசு கொடுத்து வரமாட்டார்களே என்ற கருத்தில் பதில் சொன்னார் என்று சொல்லப்படுகிறது. சுரங்கத்தொழிலாளிக்குக் கூலி குறைவு என்றால் அதை உயர்த்தப் போராட வேண்டுமே தவிர, இன்னொரு தொழிலாளி அதைக் காட்டித் தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்ளலாமா? வேலைநிறுத்தம் நடக்குமுன்னமே, 60 வருஷமாகத் தர்மம் என்று சொல்லப்பட்ட கூலி வரம்பு எடுபட்டது. 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்பவர் வழக்கில், ஒப்பந்தம் தீர்ந்த பிறகும் ஆளைப் பிடித்து வைக்கும் அவ்விதி தொழில் சுதந்திரத்துக்கு நியாயமற்ற தடை என்று ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஆட்டமும் அழியவில்லை, உலகமும் முழுகிப் போகவில்லை.

இந்த அசோசியேஷனார் பெண்களுக்குச் செய்ததையும் சொல்லாமல் விட முடியாது. பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் ‘டிக் கெர்’ என்ற பேரில் ஒரு கட்சி அமைத்து, தர்மக் காரியங்களுக்குப் பணம் சேர்க்க ஆடினார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் அவர்கள் ஆடின ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அக்கட்சியில் இடது ஓரத்தில் ஆடிப் பேரெடுத்தவர் லில்லி பார் என்ற பெண். மறுவருஷம் டிசம்பர் 5-ந் தேதி, பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லி, தன் ஆதீனத்துக்குட்பட்ட மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது அசோசியேஷன். அத்தடை நீங்கச் சுமார் 50 வருஷம் ஆயிற்று. பொருந்தாது என்றால் 53,000 பேர் எதைப் பார்க்க வந்தார்கள்? ஆண்பிள்ளைத் தொழிலாளிக்கு 4 பவுன் போதும் என்று அளந்த அதே கைதான், பெண்ணுக்கு மைதானமே வேண்டாம் என்றும் அளந்தது.

இன்று பெரிய கிளப்பில் ஆடுகிறவர்கள் கோடிக்கணக்காகச் சம்பாதிக்கிறார்களே, இனிச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகின்றோம். ஜெப் ஆஸ்ட்டில் என்ற ஆட்டக்காரர் 2002-ல் மூளை கெட்டு இறந்தபோது, பந்தைத் தலையால் இடித்து இடித்து வந்த தொழில் நோய் என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். கிளாஸ்கோ சர்வகலாசாலையார் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொழில்முறை ஆட்டக்காரர்களாயிருந்தவர்கள் மூளைத் தேய்வு நோயால் சாவது மற்றவர்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். 1907-ல் பிளாக்ஸ்டாக் விழுந்தபோது இயற்கைச் சாவு என்றார்கள். 95 வருஷம் கழித்து மற்றொருவர் சாவுக்குத் தொழிலே காரணம் என்றார்கள். அவ்வளவு காலமும் விதி, இயற்கை, ஆண்டவன் சித்தம் என்ற பேர்களில் மறைந்திருந்த எத்தனை சாவுகள் கூலி கொடுத்தவன் கணக்கில் எழுத வேண்டியவையோ!

தோழர்களே! சுரங்கத்தில் கரி வெட்டினவரும், மைதானத்தில் பந்து உதைத்தவரும் ஒரே மெரிடித்துதான். இடம் மாறிற்று, பேர் வந்தது, கை தட்டினார்கள், ஆனால் கூலியை நிர்ணயிக்கிற அதிகாரம் இரண்டு இடத்திலும் மற்றவனிடமே இருந்தது. அதை மாற்றியது கைதட்டலுமல்ல, பட்டமுமல்ல, கடவுளுமல்ல. சில பேர் சேர்ந்து உட்கார்ந்து, எங்கள் உழைப்பின் விலையைப் பேச எங்களுக்கும் வாய் உண்டு என்று சொன்னதுதான் மாற்றியது. இனி எந்த ஆட்டத்தைப் பார்க்கப் போனாலும் பந்து எங்கே போகிறது என்று மாத்திரம் பாராமல், வாசலில் நீங்கள் கொடுத்த காசு எங்கே போகிறது என்றும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.